மரண அறிவித்தலில் நான் வெட்டிய வரி

கொழும்பில், வெள்ளவத்தை மண்டபத்தில் அன்று நீங்கள் சொன்னது பொய். சொல்லத் தொடங்கும்போது அது பொய் என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிட்டது. நான் எழும்பிச் சொன்னேன், மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகும் அதே பந்தியை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் புத்தகத்தில் அச்சடித்தீர்கள். ஆகவே தெரிந்தே சொன்ன பொய்.

உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பெயரும் இதில் இல்லை. செத்துப்போன பிள்ளையின் பெயரை எழுத வேண்டுமென்றால் தாயிடம் கேட்க வேண்டும், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பெயர் இல்லாவிட்டாலும் இதை எழுதுவது யார் என்று உங்களுக்குத் தெரியும். "உணர்ச்சிவசப்படாதீர்கள் அம்மா" என்று மேடையிலிருந்து ஒருத்தியைப் பார்த்துச் சொன்னீர்களே, அவள்தான்.

நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அப்பா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டி, தட்டுத்தடுமாறித் தட்டச்சும் பழகி, ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் சேர்ந்தேன். அந்தப் பத்திரிகை இன்று இல்லை. காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கும், வெளிநாட்டுக்குப் போன் எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்கும் நடுவில் அதன் வெள்ளவத்தைக் கிளை இருந்தது. நீளமான ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, சுழலாத ஒரு மின்விசிறி. மரண அறிவித்தல் எடுப்பது என் வேலை. எட்டு வருடம் அதைச் செய்தேன்.

அந்த வேலையைச் செய்யாதவர்களுக்கு அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று விளங்காது. யாழ்ப்பாணத்துக்காரர் உறவு முறையில் ஒரு ஆளையும் விடமாட்டார்கள். இறந்தவருடைய மாமனார் செத்து முப்பது வருடம் ஆகியிருந்தாலும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டு அவரையும் சேர்க்க வேண்டும். கனடாவில் ஒரு மகன், சுவிஸில் ஒரு மகள், லண்டனில் ஒரு மருமகன், எல்லாருக்கும் அடைப்புக்குறிக்குள் நாடு வேண்டும். ஒருமுறை ஒரு சகலனுடைய பெயர் விடுபட்டுப்போய், மறுநாள் காலையில் அந்தச் சகலனே பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து, "நான் செத்திட்டன் எண்டு நினைச்சீரோ?" என்று கேட்டார். உறவுக்கெல்லாம் எங்கள் படிவத்தில் இடம் இருந்தது. எப்படி இறந்தார் என்பதற்கு இடம் இல்லை. நோயோ, வயதோ, விபத்தோ, அதைப் போடுகிற வழக்கமே கிடையாது.

போர் வந்த பிறகுதான் சனங்கள் அதைப் போடச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள்.

வடக்கிலே குண்டு விழும். சில நாள், சில கிழமை கழித்து யாராவது கடலேரி கடந்து, வவுனியா தாண்டி, ஒரு கடிதத்தைக் கையில் கொண்டு கொழும்புக்கு வருவார்கள். அந்தக் கடிதத்தோடு உறவினர் என் மேசைக்கு வருவார்கள். "விமானக் குண்டுவீச்சில் பலியானார் எண்டு போடுங்கோ" என்பார்கள். நான் எழுதிக்கொள்வேன். அவர்கள் போன பிறகு, சிவப்புப் பேனையால் அந்தச் சொற்களை வெட்டிவிட்டு மேலே 'அகால மரணமடைந்தார்' என்று எழுதுவேன்.

அது எங்கள் பகுதித் தலைவரின் உத்தரவு. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தணிக்கை இருந்த காலம். முன்னொரு அறிவித்தலுக்காக அரசாங்கப் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்து அவரை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து அவர் சொன்னது ஒன்றுதான்: "எப்பிடிச் செத்தது எண்டு போடத் தேவையில்லை பிள்ளை. வாசிக்கிறவனுக்கு விளங்கும்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. மறைக்கிறேன் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிறேன் என்றுதான் நினைத்தேன். அந்த வருடங்களில் கொழும்புத் தமிழர் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தோம். பஸ்ஸில் தமிழில் கதைப்பதில்லை. ஊர் எது என்று கேட்டால் ஊரைச் சொல்லாமல் இப்போது இருக்கிற வீதியைச் சொல்வோம். அப்படி இருக்கப் பழகிய கைதான் வெட்டியது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது, அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். வடக்கில் அரசோடு சண்டை பிடித்த இயக்கம் கொழும்பிலே வைத்த ஒரு குண்டில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் செத்தார். வேலைக்குப் போன மனிதர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவருடைய மனைவி அறிவித்தலை என்னிடம்தான் தந்தாள். 'குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்' என்று எழுதியிருந்தாள். தலைவர் அதை வெட்டவில்லை. முன்னால் 'பயங்கரவாதிகளின்' என்று தன் கையாலே சேர்த்தார். அவளுக்கு அந்த வரி கிடைத்ததில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அவள் புருஷனைக் கொன்றவர்களைப் பற்றி நான் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவளுக்குக் கிடைத்த வரி மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். நீங்கள் பிறகு பிடித்துக்கொண்டதும் இதைத்தான்.

ஒரு காலையில் டீச்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வயிற்றில் ஆபரேஷன் செய்வதற்காக, வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் தங்கையின் வீட்டில் இருந்தார். தையல் இழுக்காமல் இருக்க ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒரு மரண அறிவித்தல் போட வேணும்."

"யாருக்கும்மா?"

"மகளுக்கு."

படிவத்தை எடுத்தேன். வயது பதினொன்று என்றார். கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று படிவத்தில் இருந்த இடங்களுக்கு மேலே நான் வரிசையாகக் கோடு கீறினேன்.

"என்ன பிள்ளை எல்லாத்தையும் வெட்டுறீர்?"

"இதெல்லாம் தேவைப்படாது டீச்சர்."

அவர் டீச்சர் என்று அதுவரை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளின் எழுத்தைப் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிட்டேன். கரும்பலகையில் எழுதுவதுபோல உருண்டையான எழுத்து. இரண்டு வசனம். வீட்டின் மேல் விமானக் குண்டு விழுந்து மகள் கொல்லப்பட்டாள் என்பது முதலாவது. பக்கத்து வீட்டில் முகாம் போட்டவர்களை எழும்பச் சொல்லித் தகப்பன் மூன்று முறை கேட்டும் அவர்கள் எழும்பவில்லை, அவர்களாகவே இடம் மாறி இரண்டு நாள் கழித்துத்தான் குண்டு விழுந்தது என்பது இரண்டாவது.

கணவர் அங்கிருந்து எழுதிய கடிதத்தையும் காட்டினார். பக்கத்து வீடு, வெளிநாடு போன ஒரு டொக்டருடையது. இயக்கம் அதில் வந்து இருந்தது. ஒழுங்கையிலே குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள், பள்ளிக்கூடம் பின்னாலே இருக்கிறது, வேறு இடம் பாருங்கள் என்று இவர் போய்க் கேட்டிருக்கிறார். "சனத்துக்காகத்தானே நிக்கிறம் மாஸ்டர்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். இரண்டு நாள் ஒழுங்கை நிம்மதியாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் விமானம் வந்தது. டொக்டருடைய வீடு வெறும் வீடு. குண்டு அதன் மேலும் விழவில்லை, இவர்கள் வீட்டின் மேல் விழுந்தது.

"இதைப் போட ஏலாது டீச்சர்," என்றேன்.

"எதை?"

"ரெண்டையும். முதலாவதைப் போட்டா இங்க எங்களைத் தேடி வருவாங்க. ரெண்டாவதைப் போட்டா அங்க உங்க வீட்டுக்காரரைத் தேடிப் போவாங்க."

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்ப ஒருதரும் அவளைக் கொல்லேல்லை. என்ன?"

"அகால மரணம்னு போடலாம். வாசிக்கிறவங்களுக்கு விளங்கும்."

"அகால மரணமெண்டா கிணத்துக்க விழுந்தும் சாகலாம் பிள்ளை. என்ர பிள்ளை கிணத்தடிக்கே போகமாட்டாள், அவ்வளவு பயம்."

கடைசியில் கையெழுத்து வைத்தார். நான் வெட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் அறிவித்தல் வந்தது. ஒரு கிழமை கழித்து டீச்சர் திரும்பி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையில் உட்காரவேயில்லை.

"பேப்பரில பாத்திட்டு, நெருப்புக் காய்ச்சலோ எண்டு கேக்கினம். வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும் எண்டனீர். ஒருதருக்கும் விளங்கேல்லை."

நான் மேசையிலிருந்த படிவங்களை அடுக்கினேன்.

"எப்பவாவது அந்த வரியைப் போடுவீரோ?"

"போடுவேன் டீச்சர்," என்றேன். ஆளை அனுப்பினால் போதும் என்று சொன்ன வார்த்தைதான். ஆனால் அவர் அதை நம்பிக்கொண்டு போனார். எதுவும் தேவையில்லாவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை கந்தோருக்குள் எட்டிப் பார்ப்பார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். பிள்ளை எப்படிச் செத்தாள் என்று ஒரு இடத்திலாவது அச்சில் இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கூட்டம் வந்தது. நகரத்துக்குள் ஒளித்திருக்கும் ஆயுதக்காரரை வானத்திலிருந்து தாக்குவது தர்மமா என்று பேசப்போவதாக நோட்டீஸ். நீங்கள் கொழும்பிலே பிறந்த தமிழர், சட்டம் படித்தவர், இரண்டு மொழிப் பத்திரிகைகளிலும் எழுதுகிறவர். டீச்சர் நோட்டீஸைக் கொண்டுவந்து, "தனியப் போகக் கூச்சமாக் கிடக்கு, நீரும் வாரும்," என்றார். ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் போய் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

நீங்கள் நன்றாகத்தான் பேசினீர்கள். அதை மறுக்கவில்லை. ஆயுதத்தோடு சனத்துக்குள் ஒளிக்கிறவன்தான் அந்தச் சனத்தின் சாவுக்கு முதல் பொறுப்பு என்றீர்கள். சனம் இருக்கிறது என்பதற்காக அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்தால், ஒளிப்பது லாபம் என்று ஆகிவிடும், நாளைக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே முகாம் போடுவார்கள் என்றீர்கள். டீச்சர் தலையாட்டியதை நான் பார்த்தேன். உங்களுடைய வாதத்தின் முதல் பாதி உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முகாம் அவர் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது.

பிறகு அந்தப் பந்திக்கு வந்தீர்கள். சாதாரண சனம் கூட்டம் கூட்டமாகச் சாகிறது என்பது வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊதிப் பெருப்பிக்கும் கதை என்றீர்கள். நீங்கள் நூல்நிலையத்தில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை மாதக்கணக்கில் பார்த்தீர்களாம். கொழும்புக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்கு அப்படியே வெளிப்படையாகப் போட்டிருக்கிறதாம். விமானக் குண்டில் இறந்தார் என்று ஒரு அறிவித்தல்கூட இல்லையாம். "தமிழன் தன் சாவை மறைக்கமாட்டான். நாலு நாட்டு உறவையும் பெயர் சொல்லி அழைக்கிறவன், கொன்றவனை மட்டும் ஏன் விடுகிறான்? விடவில்லை. அப்படி ஒன்று நடக்கவில்லை." சபையில் சிலர் சிரித்தார்கள். உறவு முறைப் பட்டியலை நினைத்துச் சிரித்தார்கள்.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரல் சிவந்துபோனதைப் பார்த்தேன்.

நான் எழும்பிவிட்டேன். மேடைப் பேச்சு எனக்கு வராது. சத்தம் மட்டும்தான் வரும்.

"அதை வெட்டினது நான்," என்றேன். "நீங்க பார்த்த பேப்பர்ல ஒரு பேப்பர் எங்களது. அகால மரணம்னு இருக்கில்ல? அதுல பாதி என் கையால எழுதினது. அதுக்குக் கீழ குண்டுவீச்சுன்னு இருந்துச்சு. வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன்."

"உம்மை ஆர் இங்க அனுப்பினது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"கொட்டாஞ்சேனை பஸ் அனுப்பிச்சு," என்றேன்.

"கொட்டாஞ்சேனை ஆளுக்கு யாழ்ப்பாணத்துக் கதை என்ன தெரியும்?"

"கொட்டாஞ்சேனைக் கதையே சொல்றேன், கேளுங்க."

சொன்னேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு லொட்ஜ் இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் இராணுவமும் பொலிஸும் வந்து ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்தார்கள். "ஐடென்டிட்டி கோ?" என்று சிங்களத்தில் அடையாள அட்டை கேட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டி, எங்கள் எல்லாரையும் தேவாலயச் சுவர் ஓரமாக நிறுத்தினார்கள். அந்த லொட்ஜில் இயக்கப் பெடியன் ஒருவன் வெடிமருந்தோடு இருந்தான். அது வெடித்திருந்தால் எங்கள் வீடும் பக்கத்து பேக்கரியும் போயிருக்கும். அவனைப் பிடிக்க மாடிக்குப் போன ஆமிக்காரனுக்கு இருபது வயது இருக்கும். தான் அந்தக் கதவுக்குள் சாகலாம் என்று அவனுக்குத் தெரியும், அனுப்பியவர்களுக்கும் தெரியும். இருந்தும் அனுப்பினார்கள். லொட்ஜுக்கு மேலே குண்டு போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? பேக்கரி சிங்களவருடையது. எதிரே பள்ளிவாசலுக்குப் போகிற வழி. நாங்களும் இருந்தோம். அந்த ஒழுங்கையில் இருக்கிறவர்களைச் சனம் என்று எண்ணினார்கள். அதனால் ஆமிக்காரன் சாகலாம் என்று தெரிந்தும் படி ஏறினான்.

"அதே பெடியன் யாழ்ப்பாணத்துல ஒரு ஒழுங்கையில இருந்தா மேலே இருந்து போடலாம்கிறீங்க. ஒளிச்சவன் ஒரே ஆள். பக்கத்து வீட்டுக்காரங்க மட்டும் வேற. அப்ப உங்க தர்மம் ஒளிச்சவனைப் பத்தினது இல்லீங்க, பக்கத்து வீட்டுக்காரனைப் பத்தினது."

உங்களிடம் அதற்கும் விடை இருந்தது. கொட்டாஞ்சேனை அரசின் கையில் இருக்கிறது, யாழ்ப்பாணம் இல்லை, வானத்திலிருந்து கதவைத் தட்ட முடியாது என்றீர்கள். கை தட்டினார்கள். அது ஒன்றும் முட்டாள்தனமான விடை இல்லை என்று எனக்கும் தெரியும். எத்தனையோ நாள் பஸ்ஸில் உட்கார்ந்து அதை யோசித்திருக்கிறேன். கதவைத் தட்ட முடியாது, சரி. முகாம் இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று குண்டு போட முதல் பார்க்கவும் முடியாதா? இரண்டு நாள் பழைய செய்தியை நம்பிப் பதினொரு வயதுப் பிள்ளையின் கூரைக்கு மேலே போடத்தான் முடியுமா? கை எட்டாத இடத்தில் இருக்கிற சனத்துக்கு அதிகக் கவனம் வேண்டுமா, குறைந்த கவனம் போதுமா? அன்று இவ்வளவும் வாயில் வரவில்லை. "கை எட்டாத எடத்துல இருந்தா சனம் சனமில்லையா?" என்று மட்டும் கத்தினேன்.

அப்போதுதான் சொன்னீர்கள்: "உணர்ச்சிவசப்படாதீர்கள் அம்மா. வெட்டினேன் என்று யாரும் சொல்லலாம். ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள். பார்த்துத் திருத்திக்கொள்கிறேன்."

டீச்சர் எழும்பினார். "என்ர மகளுக்குப் பதினொரு வயசு," என்றார். நீங்கள் அனுதாபம் தெரிவித்தீர்கள். தனிச் சம்பவங்களை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றீர்கள். பிறகு தேத்தண்ணியும் பட்டீஸும் கொடுத்தார்கள்.

ஆதாரம் கேட்டீர்கள். தேடினேன். படிவங்களைக் கந்தோரில் சாக்கில் கட்டி வைத்து, சாக்கு நிறைந்ததும் பழைய தாள்காரனுக்குக் கொடுத்துவிடுவோம். எங்கள் பக்கத்தில் கடலை சுற்றித் தருகிற தாளைத் திருப்பினால் சில நேரம் என் எழுத்தே இருக்கும். அப்படிப் போனது போக, படிக்கட்டுக்குக் கீழே ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. ஒரு கிழமை மதியச் சோற்று நேரத்தில் அதைப் பிரித்து, சிவப்புப் பேனை பட்ட படிவங்களை எடுத்தேன். ஒரு கட்டு வந்தது. ஒவ்வொன்றிலும் மேலே என் எழுத்து, கீழே வெட்டிய வரி. வெட்டியதை நன்றாக வாசிக்கலாம், நான் ஒற்றைக் கோடுதான் போடுவேன். குடும்பம் குடும்பமாக ஒரே படிவத்தில் இருந்தார்கள். அவ்வளவு பேரை வெட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்று, இரண்டு என்று செய்யும்போது தெரியாது.

எல்லாவற்றையும் போட்டோப்பிரதி எடுத்து உங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கான சீட்டு உங்கள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலு மாதம் கழித்து உங்கள் புத்தகம் வந்தது. அந்தப் பந்தி அப்படியே இருந்தது.

புத்தகத்தை டீச்சர்தான் கொண்டுவந்தார். மேசையில் வைத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"வாற மாதம் பிள்ளையின்ர ஆண்டுத் திவசம்," என்றார். "நினைவஞ்சலி போட வேணும். நீர் போடுவன் எண்டு சொன்னனீர்."

"ரெண்டு வரியுமா?"

"ரெண்டும்தான். அவரும் கடிதத்தில போடச் சொல்லி எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன வந்தாலும் பரவாயில்லையாம்."

"டீச்சர், உங்களுக்கு இங்கே வந்தா?"

"வந்தா நான் பாக்கிறன். நீர் உம்மட வேலையைப் பாரும்."

தலைவரிடம் காட்டவில்லை. வழக்கமாகப் படிவங்கள் பின்னேரம் பையில் போட்டுத் தலைமைக் கந்தோருக்குப் போகும். அன்று நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். அச்சுக்கோப்புப் பகுதியில் இருந்தவர் எங்கள் ஊர்ப்பக்கம், கிராண்ட்பாஸ்காரர். படிவத்தை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தலைவர் பார்த்தாரா தங்கச்சி?"

"பார்த்தார்," என்றேன். பொய்.

அவர் நம்பவில்லை. இருந்தும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கட்டம் போடவா?" என்றார்.

"போடுங்க. நல்லாத் தடிப்பா."

வெளிவந்த அன்று டீச்சர் பத்துப் பிரதி வாங்கினார் என்று பேப்பர் கடைக்காரர் சொன்னார். அன்றே இரண்டு பேர் கந்தோருக்கு வந்தார்கள். தலைவர் என்னைக் காட்டினார். காட்டாமல் வேறு என்ன செய்வார்? வெள்ளிக்கிழமையோடு என் வேலை போனது. டீச்சரை வெள்ளவத்தைப் பொலிஸுக்குக் கூப்பிட்டு மத்தியானம் வரை இருத்தினார்கள். யார் எழுதித் தந்தது என்று கேட்டார்களாம். "நான் டீச்சர், எனக்கு எழுதத் தெரியும்," என்றாராம். அங்கே கணவரையும் இயக்கக்காரர் ஒரு பகல் முழுக்க இருத்தி வைத்திருக்கிறார்கள். "எங்களையும் அவங்களையும் ஒண்டாப் போட்டிட்டியள் என்ன?" என்று கேட்டதற்கு, "ஒரு பிள்ளைக்கு ஒரு அறிவித்தல்தானே தம்பி," என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் டீச்சர் பாஸ் எடுத்துத் திரும்பிப் போனார். பிறகு யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது, தொடர்பு விட்டுப்போனது.

நான் பிறகு முகத்துவாரத்தில் ஒரு தையல்கடையில் வேலை செய்தேன். வருத்தம் இல்லை. வெட்டிய எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு, பயந்தேன், செய்தேன், இதோ பெயர் மட்டும் இல்லாமல் எழுதுகிறேன். ஆனால் என் பயத்தை எடுத்து, அந்தப் பிள்ளைகள் சாகவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆக்கியது நீங்கள்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். போர் முடிந்துவிட்டது. உங்கள் பேச்சு முடியவில்லை. வேறு நாட்டில், வேறு ஊரில், வீடுகளுக்கு நடுவே ஒளித்திருக்கிறவர்கள் மேல் குண்டு விழும்போதெல்லாம் தொலைக்காட்சிக்காரர் உங்களைக் கூப்பிடுகிறார்கள். போன மாதமும் பார்த்தேன். எங்களுடைய அனுபவம் என்று தொடங்கினீர்கள். மக்கள் தாங்களே அச்சிட்ட அறிவித்தல்களில்கூட அந்தச் சாவுகள் இல்லை என்றீர்கள். அதே பந்தி. உங்கள் மேசைக்கு வந்த கட்டை அறியாதவர்கள் எதிரே உட்கார்ந்து தலையாட்டினார்கள். அங்கே எவளாவது ஒருத்தி தன் பிள்ளைக்கு ஒரு வரி கேட்டுக்கொண்டிருப்பாள், இங்கே நீங்கள் அந்த வரியை அவள் எழுத முதலே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன். கடிதம் எழுத வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எந்தத் தொலைக்காட்சியில் சொன்னீர்களோ அதிலேயே, எல்லாரும் பார்க்கச் சொல்லுங்கள்: நான் அனுப்பிய கட்டைப் பிரித்தீர்களா, இல்லையா? பிரித்தீர்கள் என்றால், எந்தப் படிவத்தை வாசித்துவிட்டு அந்தப் பந்தியை அச்சுக்குக் கொடுத்தீர்கள்? பிரிக்கவில்லை என்றால், ஆதாரம் அனுப்பு என்று சபை நடுவில் ஒரு தாய்க்கு முன்னால் ஏன் சொன்னீர்கள்? பதில் சொல்லுங்கள்.